மிஸ்டு காலுக்கு யார் காசு கொடுத்தது?

2019 அக்டோபரில் இந்தியாவின் பெரிய மொபைல் நிறுவனங்களுக்குள் ஒரு விசித்திரமான சண்டை நடந்தது. ஒருவரை அழைத்தால் எதிர்முனையில் ஃபோன் எத்தனை விநாடி அடிக்க வேண்டும் என்பதில்தான் தகராறு.

முதலில் ஜியோ தன் நெட்வொர்க்கிலிருந்து போகும் அழைப்புகளுக்கு மணி அடிக்கும் நேரத்தை 20 விநாடியாகக் குறைத்தது, பிறகு 25 ஆக்கியது. எங்களுக்கும் வேறு வழியில்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்குக் கடிதம் எழுதிவிட்டு ஏர்டெல்லும் 25-க்கு இறங்கியது. வோடஃபோன் ஐடியாவும் பின்னாலேயே வந்தது. 25 விநாடி என்பது கேட்க நீளமாகத்தான் இருக்கும். ஆனால் அடுப்படியில் இருப்பவர் கையைத் துடைத்துக்கொண்டு, சார்ஜில் கிடக்கும் ஃபோனைத் தேடி எடுப்பதற்குள் அது முடிந்துவிடும். அழைப்பு மிஸ்டு கால் ஆகிவிடும். பார்த்தவர் திருப்பிக் கூப்பிடுவார். முதலில் ஜியோவிலிருந்து ஏர்டெல்லுக்குப் போன அழைப்பு இப்போது ஏர்டெல்லிலிருந்து ஜியோவுக்கு வருகிறது. திசை மாறியதால் காசும் மாறுகிறது: கூப்பிடுபவரின் கம்பெனி எதிர்க் கம்பெனிக்குத் தர வேண்டியது நிமிடத்துக்கு 6 பைசா. ஜியோவின் கணக்கே அதுதான் என்றார்கள் எதிரணியினர். உலகமெங்கும் 15, 20 விநாடிதான் வழக்கம் என்றது ஜியோ. கடைசியில் நவம்பர் 1-ஆம் தேதி டிராய் பஞ்சாயத்துச் சொன்னது: மொபைலுக்கு 30 விநாடி, லேண்ட்லைனுக்கு 60.

இந்தியத் தொலைபேசிச் சந்தை எப்படி இவ்வளவு வளர்ந்தது என்று கேட்டால், தனியார் வந்தார்கள், போட்டி வந்தது, விலை இறங்கியது என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். தப்பில்லை. ஆனால் போட்டி 1995-லேயே இருந்தது, வளர்ச்சிக்கு மட்டும் எட்டு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் மாறியது என்ன என்று தேடிப் போனால், ஒரு நெட்வொர்க்கின் அழைப்பை இன்னொரு நெட்வொர்க் வாங்கிச் சேர்ப்பதற்கு யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற விதியில் வந்து நிற்கிறோம். ஐ.யூ.சி. என்பார்கள், தமிழில் இணைப்புக் கட்டணம். பைசா கணக்கு என்பதால் அலைக்கற்றை ஏலத்தைப் போல இது தலைப்புச் செய்தியாவதில்லை. இந்தச் சந்தையில் யார் பிழைத்தார்கள், யார் போனார்கள் என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கட்சி.

வந்தாலும் காசு, போனாலும் காசு

1995 ஜூலை 31-ஆம் தேதி மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமை அழைத்தார். இந்தியாவின் முதல் மொபைல் அழைப்பு அது. நான்கு பெருநகரங்களிலும் ஆளுக்கு இரண்டு கம்பெனிகள். சென்னையில் ஸ்கைசெல்லும் ஆர்.பி.ஜி. செல்லுலாரும். கட்டணம் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை போனது. பேசினால் மட்டுமல்ல, யாராவது கூப்பிட்டு எடுத்தாலும் காசு. திரையில் நம்பரைப் பார்த்துவிட்டு அழைப்பை வெட்டி, தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்த் திருப்பிப் பேசியவர்கள் உண்டு. கையில் மொபைல், பேசுவது மஞ்சள் பெட்டியில்.

மாநில வாரியாகப் பிரித்த சேவைப் பகுதிகளான வட்டங்களுக்கு நடந்த ஏலத்தில் கம்பெனிகள் ஆசைப்பட்டுக் கண்டபடி விலை கேட்டு, கட்ட முடியாமல் மூச்சுத் திணறின. 1999-இன் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை அவர்களைக் காப்பாற்றியது. நிலையான லைசென்ஸ் கட்டணத்துக்குப் பதிலாக, வருமானத்தில் ஒரு பங்கைக் கட்டினால் போதும் என்றது. வருமானம் என்பதில் எதெல்லாம் சேரும் என்ற கேள்வி அப்போதே முளைத்தது. அது இருபது வருஷம் கழித்து வெடித்த கதை பின்னால் வருகிறது.

ஆக, இரண்டு கம்பெனி இருந்தது, கண்காணிக்க 1997 முதல் டிராய் இருந்தது. 2003 மார்ச்சில் நாடு முழுக்க மொபைல் வைத்திருந்தவர்கள் சுமார் 1 கோடியே 30 லட்சம் பேர். நூறு கோடி ஜனத்தில்!

2003 மே 1

அந்தத் தேதியிலிருந்து புதிய இணைப்புக் கட்டண முறை அமலுக்கு வந்தது. கூப்பிடுபவரின் கம்பெனி, அழைப்பை வாங்கிக்கொள்ளும் கம்பெனிக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று தர வேண்டும். ஆகவே எடுப்பவரிடம் காசு வாங்கத் தேவையில்லை. 'இன்கமிங் ஃப்ரீ' என்று கடைக்குக் கடை போர்டு தொங்கியது அதன் பிறகுதான்.

அதற்கு முந்தைய டிசம்பரில், திருபாய் அம்பானியின் பிறந்தநாளான 28-ஆம் தேதி, ரிலையன்ஸ் இன்ஃபோகாம் சி.டி.எம்.ஏ. சேவையோடு இறங்கியிருந்தது. 2003 மழைக்காலத்தில் 501 ரூபாய் கட்டினால் கையில் ஃபோன் என்றது. பி.எஸ்.என்.எல்லும் 2002 அக்டோபரிலேயே மொபைலுக்கு வந்துவிட்டது. இந்த மூன்றும் சேர்ந்ததில் 2004 மார்ச்சில் எண்ணிக்கை 3 கோடியே 30 லட்சத்தைத் தாண்டியது. அதே வருஷம் மொபைல்கள் லேண்ட்லைனை முந்தின. 2008 மார்ச்சில் 26 கோடி, 2012 மார்ச்சில் 91 கோடிக்கு மேல். 2010 ஜனவரியில் ஒரே மாதத்தில் ஏறக்குறைய 2 கோடி சிம் புதிதாக உயிர் பெற்றது.

இதில் விலைக்குறைப்பின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் சம்பாதிக்காத ஆட்களின் கைக்கும் ஃபோன் போனதற்குக் காரணம் விலை மட்டுமல்ல. ஊரில் இருக்கும் அப்பாவுக்கு மகன் ஒரு ஃபோன் வாங்கிக் கொடுத்தால் போதும். அவர் காசு போட வேண்டாம், எடுத்துப் பேசினால் போதும். 2005 கடைசியில் 'லைஃப்டைம்' சிம் வந்ததும் அதுவும் சுலபமாகிவிட்டது. ஒருமுறை 999 ரூபாய் கட்டினால் வேலிடிட்டியைப் பற்றி மறந்துவிடலாம்.

அப்புறம், நம் ஜனங்கள் இந்த விதியைக் கம்பெனிகளைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். எங்கள் வீட்டில் ஒரு ரிங் விட்டால் கிளம்பிவிட்டேன் என்று அர்த்தம். ரெண்டு ரிங் என்றால் பஸ் ஏறியாச்சு. மூன்றாவது ரிங்கும் அடித்தால் மட்டும்தான் எடுக்க வேண்டும், அது நிஜமான விஷயம். பால்காரர், எலக்ட்ரீஷியன், டியூஷன் வாத்தியார் எல்லோரும் 'ஒரு மிஸ்டு கால் குடுங்க, நானே கூப்பிடறேன்' என்றார்கள். எல்லோருக்கும் பெரிய பேலன்ஸ் வேண்டியதில்லை. குடும்பத்தில் ஒருவரிடம் இருந்தால் மற்றவர்கள் மிஸ்டு கால் கொடுத்துச் சமாளிப்பார்கள். காசு எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை இப்படி வீட்டிலேயே முடிவு செய்துகொண்டார்கள்.

இணைப்புக் கட்டணம் என்ன செய்யும்

இதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். உங்கள் அத்தையின் சிம் எந்தக் கம்பெனியுடையதோ, அந்தக் கம்பெனியால் மட்டும்தான் அத்தையின் ஃபோனை அடிக்க வைக்க முடியும். சந்தையில் பத்துக் கம்பெனி இருந்தாலும், அத்தையிடம் போய்ச் சேர ஒரே வாசல்தான். அந்த வாசலில் எவ்வளவு வேண்டுமானாலும் வசூலிக்கலாம்; யாரும் கேட்காவிட்டால் வசூலிப்பார்கள். அதனால்தான் இந்தத் தொகையை மட்டும் டிராய் தன் கையில் வைத்துக்கொண்டது. 2004-இல் 30 பைசா, 2009 ஏப்ரலில் 20 பைசா, 2015 மார்ச்சில் 14.

ஒரு நெட்வொர்க்கிலிருந்து வெளியே போகும் நிமிடமும் உள்ளே வரும் நிமிடமும் சமமாக இருந்தால் கொடுத்ததும் வாங்கியதும் கழிந்துவிடும். பழைய பெரிய கம்பெனிகளுக்கு ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் புதிதாக வருகிறவனுக்கு ஆள் குறைவு. அவன் வாடிக்கையாளர் யாரைக் கூப்பிட்டாலும் அடுத்தவன் வீட்டுக்குத்தான் போகும். விலையைக் குறைத்தால் வெளியே போகும் அழைப்பு இன்னும் கூடும், கொடுக்க வேண்டிய காசும் கூடும். 2009 ஜூனில் டாடா டோகோமோ விநாடிக்கு 1 பைசா என்று வந்து சந்தையையே கலக்கியது. நிமிடத்துக்கு 60 பைசா. அடுத்த நெட்வொர்க்குக்குப் போகும் அழைப்பென்றால் அதில் 20 பைசா எதிராளிக்கு. மூன்றில் ஒரு பங்கு! வாடிக்கையாளர்களுக்குக் கொண்டாட்டம்தான். விநாடிக் கணக்கு இல்லாமல் இனி கடை நடத்த முடியாது என்று சில மாதங்களிலேயே பெரியவர்களும் இறங்கி வந்தார்கள். டோகோமோ மட்டும் அந்த விலையில் லாபம் பார்க்கவே இல்லை. 2017-இல் டாடா தன் மொபைல் தொழிலை ஏர்டெல்லிடம் கொடுத்துவிட முடிவு செய்தது.

2008 ஜனவரியில் கொடுக்கப்பட்ட 122 2ஜி லைசென்ஸ்களின் கதை தமிழ்நாட்டு வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2012 பிப்ரவரி 2-இல் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்தது; 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுதலை செய்தது. சந்தையைப் பொறுத்தவரை முக்கியமான விளைவு வேறு. அதற்குப் பிறகு அலைக்கற்றை என்றாலே ஏலம்தான் என்றாகிவிட்டது. அதற்கு முன்பே 2010-இன் 3ஜி ஏலம் 34 நாள் நடந்து அரசுக்கு 67,719 கோடி ரூபாயைக் கொண்டுவந்தது. கம்பெனிகள் அதைக் கடன் வாங்கித்தான் கட்டின. அந்த வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அடுத்த அலை வந்தது.

2016 செப்டம்பர்

ஜியோ செப்டம்பர் 5-ஆம் தேதி கடையைத் திறந்தது. டிசம்பர் வரை எல்லாம் இலவசம், பிறகு அதையும் மார்ச் வரை நீட்டித்தார்கள். 170 நாளில் 10 கோடிப் பேர் சேர்ந்ததாக அறிவித்தார்கள். பேச்சுக்கு எப்போதுமே காசு இல்லை என்றும் வாக்குக் கொடுத்தார்கள். அதுவரை 1 ஜி.பி. டேட்டா 250 ரூபாய் என்று எண்ணி எண்ணிச் செலவழித்த ஆட்கள், 2017 ஏப்ரலில் 303 ரூபாய்க்கு 28 நாளும் தினம் ஒரு ஜி.பி. என்று வாங்கினார்கள்.

முதல் முட்டல் வாசலில்தான் நடந்தது. ஜியோவிலிருந்து வெளியே போகும் அழைப்புகள் கொத்துக் கொத்தாக இணையாமல் போயின. விதிப்படி ஆயிரத்தில் ஐந்து அழைப்புக்கு மேல் நெரிசலில் தவறக் கூடாது. பத்தில் ஏழெட்டு தவறுகிறது, இரண்டு நெட்வொர்க்கும் சேரும் இணைப்புப் புள்ளிகளை வேண்டுமென்றே தராமல் இழுக்கிறார்கள் என்றது ஜியோ. இலவசம் என்று திறந்துவிட்டால் வெள்ளம் மாதிரி வருகிறது, அதற்கெல்லாம் நாங்கள் எப்படிக் கதவு திறப்பது என்றார்கள் மற்றவர்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. டிராய்க்கு அப்படித் தோன்றவில்லை. ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப் பரிந்துரைத்தது.

இரண்டாவது முட்டல் 14 பைசாவில். பேச்சு இலவசம் என்று விற்றவன், தன் வாடிக்கையாளர் வெளியே பேசும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் எதிரிக்கு 14 பைசா கொடுத்துக்கொண்டிருந்தான். 2017 அக்டோபர் 1 முதல் டிராய் அதை 6 பைசாவாக்கியது. 2020-இலிருந்து பூஜ்யம் என்றும் சொன்னது. பழைய கம்பெனிகள் இது ஒரே ஆளுக்குப் பந்தி பரிமாறும் வேலை என்று கொதித்தன. பூஜ்யம் தள்ளிப்போகலாம் என்று தெரிந்ததும் ஜியோவும் தன் வாக்கைத் தளர்த்தியது. 2019 அக்டோபரில் வெளி நெட்வொர்க் அழைப்புக்கு நிமிடத்துக்கு 6 பைசா வாங்க ஆரம்பித்தது. மூன்று வருஷத்தில் 13,500 கோடி ரூபாய் கொடுத்துவிட்டோம், 2ஜி வாடிக்கையாளர்களிடமிருந்து தினம் 25 முதல் 30 கோடி மிஸ்டு கால் எங்கள் ஆட்களுக்கு வருகிறது என்று கணக்கும் காட்டியது. ஒரு ரிங், ரெண்டு ரிங் என்று நாம் வீட்டில் போட்ட கணக்கு, ஒரு கம்பெனியின் ஐந்திலக்கக் கோடியில் போய் உட்கார்ந்திருந்தது. கட்டணம் 2021 ஜனவரி 1-இல்தான் பூஜ்யமானது, ஜியோவும் அன்றே பழையபடி இலவசத்துக்குத் திரும்பியது.

ஏர்செல் விழுந்த வாரம்

1999-இல் தொழிலதிபர் சிவசங்கரன் தமிழ்நாட்டு வட்டத்தில் தொடங்கியது ஏர்செல். பிறகு சென்னையின் ஆர்.பி.ஜி. செல்லுலாரையும் வாங்கிக்கொண்டது. 2006-இல் மலேசியாவின் மேக்சிஸ் கைக்குப் போனது. அதைச் சுற்றிய வழக்குகள் தனிக்கதை. 3ஜி ஏலத்தில் 13 வட்டங்களை எடுத்தது, சென்னை சூப்பர் கிங்ஸ் சட்டையில் பெயர் போட்டது. இந்தியா முழுக்கப் பெரியவனாக வேண்டும் என்ற ஆசைக்குச் செலவு வடக்கே போனது. ஆதாயம் தந்தது பெரும்பாலும் தெற்குதான். 2016-இல் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு இணையப் பேச்சு நடந்து 2017 அக்டோபரில் முறிந்தது. 2018 ஜனவரி கடைசியில் ஆறு வட்டங்களை மூடியது.

பிப்ரவரி மூன்றாவது வாரத்தில் தமிழ்நாட்டில் சிக்னல் போய்விட்டது. டவர் கம்பெனிகளுக்குத் தர வேண்டிய பாக்கியில் டவர்கள் அணைந்தன. அதே நம்பரோடு வேறு நெட்வொர்க்குக்கு மாற வேண்டும் என்றால் 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிக் குறியீட்டெண் வாங்க வேண்டும். நெட்வொர்க்கே இல்லாத சிம்மிலிருந்து எஸ்.எம்.எஸ். எப்படிப் போகும்? ஊர் ஊராக ஏர்செல் அலுவலகங்களில் கூட்டம் நின்றது. எல்லோரும் ஆதாரோடும் வங்கிக் கணக்கோடும் நம்பரை இணைத்து முடித்திருந்த நேரம் அது. பத்து, பதினைந்து வருஷம் வைத்திருந்த நம்பர் போனால் பேச்சு மட்டுமா போகிறது? ஓ.டி.பி. வராது, பணம் எடுக்க முடியாது. நம்பர் போர்ட்டபிலிட்டி 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்தபோது, போட்டிக்குக் கிடைத்த பெரிய ஆயுதம் என்று எல்லோரும் எழுதினோம். கம்பெனியே படுத்துவிட்டால் அந்த ஆயுதம் எப்படி வேலை செய்யும் என்பதை யாரும் யோசித்திருக்கவில்லை. பிப்ரவரி 28-ஆம் தேதி ஏர்செல் திவால் மனுவைத் தாக்கல் செய்தது.

அந்த ஆகஸ்டில் வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாகின. 2019 அக்டோபர் 24-ஆம் தேதி, வருமானம் என்பதில் தொலைபேசி சாராத வருமானமும் சேரும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1999-இல் தப்பித்ததற்கான பில், வட்டியும் அபராதமும் போட்டு வந்து சேர்ந்தது. செப்டம்பரில் முடிந்த காலாண்டுக்கு வோடஃபோன் ஐடியா காட்டிய நஷ்டம் 50,921 கோடி ரூபாய். நிலுவையைப் பங்குகளாக மாற்றி மாற்றி, 2025-இல் அந்தக் கம்பெனியில் ஏறக்குறைய 49 சதவீதம் அரசின் கையில். பத்துப் பன்னிரண்டு பேர் ஓடிய பந்தயத்தில் இப்போது நாலு பேர். அதிலும் ஜியோவும் ஏர்டெல்லும் சேர்ந்து முக்கால் பங்கு.

எடுக்க மட்டும் ஃபோன் வைத்திருந்தவர்கள்

டேட்டா வாங்குகிறவர்களுக்கு இந்தக் கதை நல்லபடியாகவே முடிந்தது. மாதம் 20 ஜி.பி.க்குச் சாதாரணமாகச் செலவழிக்கிறோம். நான் யோசிப்பது 2003-இன் விதியால் சந்தைக்குள் வந்தவர்களைப் பற்றி.

ரீசார்ஜே செய்யாத ஒரு பாட்டி, கம்பெனிக்கு ஏன் வேண்டியவராக இருந்தார்? பேரன் தினம் பத்து நிமிடம் வேறு நெட்வொர்க்கிலிருந்து கூப்பிட்டால், 14 பைசா வீதம் மாதம் 42 ரூபாய் பாட்டியின் கம்பெனிக்கு வந்துகொண்டிருந்தது. 6 பைசாவானபோது அது 18 ரூபாய். பூஜ்யமானால் ஒன்றுமில்லை. அப்போது பாட்டி வெறும் செலவு. 2017 அக்டோபரில் கட்டணம் குறைந்தது. அடுத்த வருஷக் கடைசியில் ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் 28 நாளைக்கு 35 ரூபாயாவது போட்டால்தான் சேவை என்று அறிவித்தன. லைஃப்டைம் சிம்கள் ஒரு எஸ்.எம்.எஸ்ஸில் ஆயுள் முடிந்தன. ஜியோவின் விலைப்போரில் வருமானம் விழுந்ததும் இதற்குக் காரணம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் முதலில் வெட்டப்பட்டவர்கள் யார் என்று பார்த்தால், இணைப்புக் கட்டணம் மட்டுமே கொண்டுவந்த ஆட்கள். கோடிக்கணக்கான சிம்கள் அந்தச் சில மாதங்களில் பட்டியலிலிருந்து விழுந்தன.

எனக்குப் பூஜ்யக் கட்டணத்தில் ஆட்சேபமில்லை. வாசலில் நின்று வசூலிப்பது புதியவனை நசுக்கும், அதை மேலே பார்த்தோம். அந்த வசூலில் யாருக்கெல்லாம் சோறு நடந்தது என்று பார்க்காமல் எடுத்ததுதான் குறை. ஏர்டெல்லில் 35 ரூபாயில் தொடங்கியது 2021 கடைசியில் 99 ஆகி, 2024 ஜூலைக்குப் பிறகு 199. அதுவும் மாதத்துக்கு இல்லை, 28 நாளைக்கு. வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம் என்பது இந்தத் துறையின் தனிப் பஞ்சாங்கம். டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சுக்கு மட்டும் தனித் திட்டம் வைக்க வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில்தான் உத்தரவிட்டது. அதிலும் விலையைக் கம்பெனியே வைத்துக்கொள்ளலாம். 2025 ஜனவரியில் வந்தவை 84 நாளைக்கு நானூற்றைம்பது ரூபாய்ச் சுமாரில் நின்றன.

ஒட்டன்சத்திரம் பக்கம் இருக்கும் என் பெரியம்மாவுக்கு அந்தத் திட்டத்தைத்தான் போட்டிருக்கிறோம். போன மாதம் ரீசார்ஜ் கடையில் உடன் நின்றேன். "தம்பி, வேலிடிட்டி முடிஞ்சா எனக்கு வர்ற ஃபோனும் வராதா?" என்று கடைக்காரரிடம் கேட்டார். "கொஞ்ச நாள் வரும்மா, அப்புறம் அதுவும் நின்னுரும்" என்றார் அவர். "நான்தான் யாருக்கும் பேசறதில்லையே, அதுக்கு எதுக்கு இத்தனை காசு?" அவரிடம் பதில் இல்லை, அடுத்த ஆள் நம்பரைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்.

திருப்பூரில் இருக்கும் மகனிடம் பேச வேண்டுமென்றால் பெரியம்மா இன்றைக்கும் ரெண்டு ரிங் விட்டு வெட்டிவிடுகிறார். எத்தனை நிமிடம் பேசினாலும் காசில்லை என்று அவனும் சொல்லிப் பார்த்துவிட்டான்.

"அவனே கூப்பிடட்டும்" என்கிறார்.